நடந்தே வென்ற வீரர்

ஓடுகிறவனைக் கண்டு வியப்பது உலக இயல்பு. நடக்கிறவனைக் கண்டு வியப்பார் எவருமிலர். நடத்தல் குழந்தையும் அறிந்த காரியம்தானே என்று பலர் எண்ணுகின்றனர். இத்தாலி தேசத்து ஊகோ பிரிஜேரியோவின் சரித்திரத்தை அறிந்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

நடைப் பந்தயத்தின் தலையாய விதி எளியது. முன் வைத்த கால் தரையில் பதியுமுன் பின்கால் தரையை விட்டு எழலாகாது. எழுந்தால் அது நடையன்று, ஓட்டமாகும். தவறியவனை நடுவர்கள் பந்தயத்தினின்று விலக்கிவிடுவார்கள். ஆகவே இவ்வித்தையில் வேகம் மட்டும் போதாது. முந்தவேண்டுமென்ற ஆவல் எவ்வளவு மிகுகிறதோ, அவ்வளவுக்குக் கால்களை அடக்கியாளும் திறமும் மிகவேண்டும்.

பிரிஜேரியோ 1901-ம் ஆண்டில் மிலான் நகரில் பிறந்தார். ஐரோப்பிய மகாயுத்தம் ஓய்ந்தபின் முதன்முதலாகக் கூடிய ஒலிம்பிக் பந்தயங்கள் 1920-ம் ஆண்டில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் நடைபெற்றன. அப்பொழுது அவருக்கு வயது 18. 10 கிலோமீட்டர் தூரத்தை 48 நிமிஷம் 6 விநாடியில் நடந்து முதற்பரிசைப் பெற்றார். சில நாட்களுக்குள் 3 கிலோமீட்டர் பந்தயத்திலும் அவரே முதல்வரானார். அப்பந்தயம் தொடங்குமுன், தாம் நடக்கையில் வாசிக்கவேண்டிய இசைக்குறிப்புகளை பாண்டு வாத்தியத் தலைவரிடம் அவர் கொடுத்தாரென்றும், தாளம் பிசகியபோது நடுவழியில் கண்டித்தாரென்றும் சொல்லுவார்கள். இதை வெறும் வேடிக்கையென்று நாம் கருதவில்லை. தாளந் தவறாத காலுக்கு விதி தவறாத நடை எளிதில் கைகூடும்.

1924-ம் ஆண்டில் பாரிஸ் நகரில் இத்தாலிய வீரர்களுக்கு முன்னே தேசக்கொடியை ஏந்திச் சென்றவர் அவரே. 10 கிலோமீட்டரை இம்முறை 47 நிமிஷம் 49 விநாடியில் கடந்து மீண்டும் வென்றார். 22 வயதிலேயே மூன்று தங்கப் பதக்கங்கள் அவருடையவாயின. ஒலிம்பிக் நடைப் பந்தயத்தில் அந்தத் தொகையை வேறொருவர் எட்டுவதற்கு, போலந்து நாட்டு ராபர்ட் கோர்சனியோவ்ஸ்கி தோன்றி 2000-ம் ஆண்டில் வெல்லும்வரை உலகம் காத்திருக்க நேர்ந்தது.

ஆனால் புகழின் உச்சியிலே அவருடைய பாதை அடைபட்டது. கால் தரையை விட்டு எழுந்ததா, இல்லையா என்பது கணப்பொழுதில் கண்ணால் கண்டு சொல்லவேண்டிய தீர்ப்பு. ஒரு நடுவர் கண்டதை மற்றொருவர் காணார். இதனால் சச்சரவுகள் வளர்ந்தன. முடிவில், 1928-ம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நடைப் பந்தயமே இல்லாமற் போயிற்று. தீர்ப்பைச் செம்மை செய்ய வழி காணாதவர்கள் பந்தயத்தையே அகற்றினார்கள். தம்மால் நேராத குற்றத்திற்காகத் தமக்குரிய களத்தை பிரிஜேரியோ இழந்தார். பெற்ற பதக்கங்களோடு அவர் ஒதுங்கியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள்.

அவர் ஒதுங்கவில்லை. 1932-ம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரில் நடைப் பந்தயம் திரும்பி வந்தது. ஆனால் தூரம் 50 கிலோமீட்டர், அதாவது சுமார் 31 மைல். அவர் வென்று பழகிய தூரத்தைப்போல் ஐந்து மடங்கு. அதற்கு வேண்டிய பயிற்சியும் வேறு, பொறுமையும் வேறு. முப்பது வயதைக் கடந்த பிரிஜேரியோ மறுபடியும் தேசக்கொடியை ஏந்தி வந்து அப்பந்தயத்தில் இறங்கினார். இங்கிலாந்தின் தாமஸ் கிரீன் முதலாவதாகவும், லாட்வியாவின் யானிஸ் டாலின்ஷ் இரண்டாவதாகவும் வந்தனர். 4 மணி 59 நிமிஷம் 6 விநாடி நடந்து பிரிஜேரியோ மூன்றாவதாக எல்லையை அடைந்தார்.

1968-ம் ஆண்டில் அவர் காலமானார். அவருடைய நான்கு பதக்கங்களில் உயர்ந்தது எதுவென்று கேட்டால், அந்த வெண்கலமே என்று நாம் தயங்காது கூறுவோம். தங்கம் மூன்றும் இளமையின் வேகத்திற்குக் கிடைத்தவை. வெண்கலமோ, வழி அடைபட்ட காலத்திலும் கலையைக் கைவிடாத உறுதிக்குக் கிடைத்தது. விரைந்து செல்லுவோர் பலருண்டு. எட்டு ஆண்டுகள் காத்திருந்து, விதி பிறழாமல், முன்னிலும் நெடிய வழியில் காலெடுத்து வைப்போர் சிலரே. அச்சிலருள் பிரிஜேரியோ ஒருவர்.