நுண்ணலை கண்ட போஸ்

உருவிற் சிறியதென்று எப்பொருளையும் இகழ்தல் ஆகாது. சிறு கருவிகொண்டு பெருஞ்செயல் ஆற்றிய அறிஞருள் ஜகதீச சந்திர போஸ் தலைசிறந்தவர்.

இவர் 1858-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார்; இளமையில் தாய்மொழிப் பள்ளியில் செம்படவர் மக்களோடு ஒருங்கிருந்து கற்றார்; பின்னர்க் கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். 1885-இல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். அங்கே ஆங்கிலேயர்க்கு அளித்ததினும் குறைந்த ஊதியமே இந்தியர்க்கு அளிக்கப்பட்டது. போஸ் கடமையிற் குறையாது உழைத்தார். ஆனால் மூன்றாண்டுகள் ஊதியத்தைத் தொடவில்லை. இறுதியில் அரசு முழு ஊதியத்தையும் நிலுவையோடு வழங்கியது.

மின்காந்த அலைகளை ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் முன்னரே மெய்ப்பித்திருந்தார். அவ்வலைகள் நீண்டவை, ஆதலின் அவற்றைத் திருப்பவும் குவிக்கவும் பெரிய ஆடிகளும் பட்டகங்களும் வேண்டப்பட்டன. அலை குறுகினால் கருவியும் குறுகும் என்பதைப் போஸ் உணர்ந்தார். தகர வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளி ஒருவரைத் துணைக்கொண்டு, ஐந்து மில்லிமீட்டர் அளவே நீளமுள்ள நுண்ணலைகளை எழுப்பும் கருவிகளை அமைத்தார். அவ்வலைகளை ஒருமுகப்படுத்தக் கொம்புபோல் வாயகன்ற உலோகக் குழலைப் பொருத்தினார். முறுக்கிய சணல் நாரும், தாள்களின் இடையே உலோகத்தகடு செருகிய இருப்புப்பாதைக் கால அட்டவணையும் அவர்க்கு ஆய்கருவிகளாயின!

1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவரை ஊடுருவிச் சென்ற அலையால் மணியை ஒலிப்பித்தும் வெடிமருந்தைக் கொளுத்தியும் அவையோரை வியப்பித்தார். 1897-இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளை விளக்கினார். அவற்றால் பொருளீட்ட அவர் விழையவில்லை. நண்பர் வற்புறுத்தலால் பெற்ற காப்புரிமையையும் பயன்கொள்ளாது விடுத்தார்.

பின்னர்ச் செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்தார். 1917-இல் கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். 1937-இல் கிரிடி என்னும் ஊரில் மறைந்தார்.

பூமிக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் நுண்ணலைகளை, நம் வீட்டுக் கூரைமேல் உள்ள சிறிய வட்டில் இன்று குவித்து வாங்குகின்றது. அவ்வட்டிலின் குவியத்தில் அமைந்திருப்பது ஒரு சிறு கொம்புக் குழலே. அதனைக் காணுந்தோறும், குறைந்த வசதியும் குன்றாத மானமும் உடையராய் உழைத்த அப்பெரியாரை நினைவு கூர்தல் நம் கடனாகும்.