வகுப்பறையில் தனித்து நின்றவர்: மாணவர் சங்கங்கள் ஏன் மால்கம் எக்ஸின் பெயரைச் சூடின?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மேசன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1940ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அந்த ஊரின் நடுநிலைப் பள்ளியில் ஒரு கறுப்பினச் சிறுவன் படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய வகுப்பில் மற்ற எல்லோரும் வெள்ளையர்கள். படிப்பில் அவன் முன்வரிசையில் இருந்தான். வகுப்புத் தலைவனாகவும் அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவனுக்கு ஒரு குறையும் இல்லை என்றே தோன்றியிருக்கும்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் ஆங்கில ஆசிரியர் அவனிடம் எதிர்காலத்தைப் பற்றி விசாரித்தார். வழக்கறிஞராக வேண்டும் என்று அவன் சொன்னான். கறுப்பினத்தவனுக்கு அது நடக்கிற காரியம் அல்ல, கை வேலையில் கெட்டிக்காரனாக இருப்பதால் தச்சு வேலை கற்றுக்கொள்வது நல்லது என்று ஆசிரியர் புத்தி சொன்னார். அவனைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த வெள்ளைப் பிள்ளைகள் எதைச் சொன்னாலும் ஊக்கம் கொடுத்தவர் அதே ஆசிரியர்தான். அவர் கோபமாகப் பேசவில்லை. நல்லது செய்வதாக நினைத்தே பேசினார். அந்தச் சொல்லைக் கேட்டு வெளியே வந்த சிறுவனுக்கு, அதைத் தவறு என்று எடுத்துச் சொல்ல அந்தப் பள்ளியில் ஒருவரும் இல்லை.

அந்தச் சிறுவன்தான் பின்னாளில் உலகம் அறிந்த மால்கம் எக்ஸ். இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த பேச்சாளர்களில் ஒருவர். ஹஜ் கடமையை நிறைவேற்றி அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் ஆனவர். அவர் இறந்த சில ஆண்டுகளில், வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த அமெரிக்கக் கல்லூரிகளில் கறுப்பின மாணவர்கள் சங்கங்கள் அமைத்தபோது, பல இடங்களில் அவர்கள் எடுத்துக்கொண்ட பெயர் அவருடையது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவரின் பெயரைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அதற்கு அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

சிதறிய குடும்பம்

மால்கம் 1925 மே 19 அன்று நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் பிறந்தார். தந்தை எர்ல் லிட்டில் கிறிஸ்தவப் போதகர். கறுப்பின மக்கள் தலைநிமிர்ந்து வாழ வேண்டும் என்று சொன்ன மார்கஸ் கார்வியின் இயக்கத்தில் ஈடுபட்டிருந்தவர். தாய் லூயிஸ் கரீபியன் தீவான கிரெனடாவைச் சேர்ந்தவர். அந்த இயக்கப் பணியே குடும்பத்துக்கு ஆபத்தானது. 1929இல் மிச்சிகன் மாநிலம் லான்சிங்கில் அவர்களுடைய வீடு எரிந்து சாம்பலானது. 1931இல் தந்தை டிராம் வண்டியின் அடியில் சிதைந்து இறந்தார். வெள்ளை இனவெறியர்களே அவரைக் கொன்றார்கள் என்று குடும்பம் நம்பியது.

கணவரை இழந்த லூயிஸ் வறுமையோடு போராடினார். சில ஆண்டுகளில் மனநிலை பாதிக்கப்பட்டு அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே இருந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு வீடாகப் பிரிக்கப்பட்டார்கள். மால்கம் மேசனில் இருந்த சிறார் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார். அதை நடத்திய தம்பதியர் அவரிடம் அன்பாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் கறுப்பினத்தவரைப் பற்றி இழிவாகப் பேசும்போது, அவர் பக்கத்தில் நிற்பதைப் பொருட்படுத்தவே மாட்டார்கள். அவரைப் பிடிக்கும். ஆனால் தங்களைப் போன்ற ஒரு மனிதராகப் பார்க்கத் தெரியாது. வகுப்புத் தலைவர் பதவியும் இந்த வகையான பிரியம்தான் என்பதைப் பிற்காலத்தில் அவர் புரிந்துகொண்டார்.

ஆசிரியரின் சொல்லுக்குப் பிறகு அவருக்குப் பள்ளியில் மனம் ஒட்டவில்லை. எட்டாம் வகுப்பு முடிந்ததும் பாஸ்டனில் இருந்த சகோதரி எல்லாவிடம் போய்ச் சேர்ந்தார். ஷூ பாலிஷ் போட்டார், ரயிலில் வேலை பார்த்தார். பிறகு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் சூதாட்டம், போதைப்பொருள், திருட்டு என்று வழி தவறினார். 1946இல் வீடு புகுந்து திருடிய வழக்கில் சிறைக்குப் போனபோது அவருக்கு வயது 20.

சிறையே பல்கலைக்கழகமாக

சிறையில்தான் அவருக்குக் கல்வி திரும்பக் கிடைத்தது. சொல் வளம் போதவில்லை என்று உணர்ந்து, அகராதியைப் பக்கம் பக்கமாகக் கையால் எழுதிப் படித்தார். நார்ஃபோக் சிறையில் நல்ல நூலகம் இருந்தது. விளக்கு அணைத்த பிறகும் வராந்தாவிலிருந்து வரும் வெளிச்சத்தில் படித்தார். அந்தச் சிறைக்கென்று ஒரு விவாதக் கழகம் இருந்தது. பெரிய பல்கலைக்கழகங்களின் மாணவர் அணிகளோடு சிறைக்கைதிகள் வாதிடும் வழக்கமும் இருந்தது. மேடையில் பேசும் கலையை மால்கம் அங்கே பழகினார்.

உடன்பிறந்தவர்கள் எழுதிய கடிதங்கள் மூலம் எலிஜா முஹம்மதின் நேஷன் ஆஃப் இஸ்லாம் அமைப்பு அவருக்கு அறிமுகமானது. 1952இல் விடுதலையானதும் அதில் சேர்ந்தார். அடிமைக் காலத்தில் எஜமானர்கள் கொடுத்த குடும்பப் பெயரை உதறி, தெரியாமல் போன ஆப்பிரிக்கப் பெயரின் அடையாளமாக எக்ஸ் என்ற எழுத்தை ஏற்றார். அந்த அமைப்பின் இனக் கோட்பாடுகள் இஸ்லாத்தின் அடிப்படைக்கே மாறானவை. மால்கம் அதை உணரப் பல ஆண்டுகள் ஆயின. எனினும் போதையும் திருட்டும் அவர் வாழ்விலிருந்து அகன்றன. சில ஆண்டுகளிலேயே அவர் ஹார்லெமின் முகமாக ஆகிவிட்டார்.

கல்லூரி மேடைகளில்

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் கறுப்பின மாணவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். 1962இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்ற ஒரே ஒரு கறுப்பின மாணவரைச் சேர்ப்பதற்கு மத்திய அரசு படையை அனுப்ப வேண்டியிருந்தது. அங்கு நடந்த கலவரத்தில் இருவர் உயிரிழந்தனர். வட கரோலைனாவின் டியூக் பல்கலைக்கழகம் இளநிலைப் படிப்பில் முதல் கறுப்பின மாணவர்களைச் சேர்த்தது 1963இல்தான். அவர்கள் மொத்தம் 5 பேர்.

அந்தக் காலத்தில் மாணவர்கள் மால்கமைத் தேடித்தேடி அழைத்தார்கள். ஹார்வர்டில் மட்டும் மூன்று முறை பேசினார். அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1961இல் அவரை வளாகத்துக்குள் பேச விடவில்லை. 1963இல் அதே வளாகத்தில் பேசினார்.

1963 ஜனவரியில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேசிய கூட்டத்தை ஆப்பிரிக்க மாணவர் சங்கமும், கறுப்பின உரிமை அமைப்பான என்ஏஏசிபியின் வளாகக் கிளையும் சேர்ந்து நடத்தின. அந்தப் பல்கலைக்கழகம் இருப்பது ஈஸ்ட் லான்சிங்கில். மால்கமின் சிறுவயதில், இருட்டிய பிறகு கறுப்பினத்தவர் கால் வைக்க முடியாத ஊர் அது. தச்சு வேலை போதும் என்று அவருக்குச் சொல்லப்பட்ட மேசன் பள்ளியோ அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரம்தான். எந்தக் கல்லூரி வாசலையும் மாணவராக மிதிக்காதவர், சிறிய மாணவர் சங்கங்களின் அழைப்பால் அந்த மேடையில் ஏறினார்.

அவரிடம் தவறுகளும் இருந்தன. ஒருமுறை ஒரு கல்லூரியில் அவருடைய பேச்சைக் கேட்ட வெள்ளை மாணவி ஒருவர் நியூயார்க் வரை தேடி வந்து, தன்னால் என்ன செய்ய முடியும் என்று கேட்டார். ஒன்றும் செய்ய முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் சொல்லி அனுப்பினார். அந்த மாணவி அழுதுகொண்டே போனார். பிற்காலத்தில் அதை நினைத்து மால்கம் மிகவும் வருந்தினார். நல்ல மனம் கொண்ட வெள்ளையர்கள் தங்கள் சொந்தச் சமூகத்துக்குள் இனவெறியை எதிர்த்து வேலை செய்யட்டும் என்பதே அவருடைய பிந்தைய கருத்து.

மக்கா தந்த மாற்றம்

1964 மார்ச்சில் அவர் நேஷன் ஆஃப் இஸ்லாமை விட்டு விலகினார். அடுத்த மாதம் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். ஒரே இஹ்ராம் உடையில் எல்லா நிறத்தவரும் ஒரே தட்டில் உண்டு, ஒரே விரிப்பில் உறங்கி, ஒரே இறைவனை வணங்குவதைக் கண்டார். பிறப்பால் எந்த இனமும் தீயது அல்ல என்ற தெளிவோடு அங்கிருந்து கடிதங்கள் எழுதினார். அநீதியை எதிர்க்கும் உறுதி குறையவில்லை. மனிதர்களைப் பார்க்கும் பார்வை விரிந்தது.

திரும்பும் வழியில் நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழகத்தில் பேசினார். அங்கிருந்த முஸ்லிம் மாணவர் சங்கத்தினர் அவருக்கு ஓமோவாலே என்று பெயர் சூட்டினார்கள். யொரூபா மொழியில் அதற்கு வீடு திரும்பிய மகன் என்று பொருள். தன் பூர்வீகப் பெயர் தெரியாமல் எக்ஸ் என்று எழுதிவந்தவருக்கு அது எவ்வளவு பெரிய பரிசு என்று எண்ணிப் பாருங்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் ஒன்றியத்தில் பேசினார். அவரை அழைத்தவர் அப்போது அதன் தலைவராக இருந்த ஜமைக்கா நாட்டு மாணவர்.

1965 பிப்ரவரி 18 அன்று நியூயார்க்கின் பார்னார்டு கல்லூரியில் மாணவர்களிடையே உரையாற்றினார். மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 21 அன்று, ஹார்லெம் அருகே ஆடுபன் அரங்கில் மனைவியும் பிள்ளைகளும் கண்முன் இருக்கச் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39. நான்கு பெண் குழந்தைகள் இருந்தார்கள். மனைவி பெட்டி அப்போது இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்தார்.

அவர் பெயரில் அறைகள்

அவருடைய தன்வரலாறு அதே ஆண்டில் வெளியானது. குடிமை உரிமைச் சட்டத்துக்குப் பிறகு வெள்ளையர் கல்லூரிகளுக்குள் நுழைந்த இளைஞர்கள் அதை வாசித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் நடுவில் சில பத்துப் பேராக இருந்த அவர்களுக்கு மேசன் பள்ளிக்கூடக் கதை புதிதாக இல்லை. கல்லூரி இடம் கொடுத்தது. ஆனால் பாடத்தில் அவர்களுடைய வரலாறு இல்லை, ஆசிரியர்களில் அவர்களைப் போன்றவர் இல்லை, மனம் விட்டுப் பேச ஓர் இடமும் இல்லை.

1966இல் சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின மாணவர் ஒன்றியம் உருவானது. அதன் மாணவர்கள் சுற்றுப்புறப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். 1968 நவம்பர் 6 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் லத்தீன், ஆசிய மாணவர்களும் கைகோத்தார்கள். ஏறத்தாழ ஐந்து மாதம் நீடித்த அந்தப் போராட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். முடிவில் கறுப்பின ஆய்வுத் துறையும், சிறுபான்மை இனங்களின் வரலாற்றைக் கற்பிக்கும் தனிக் கல்லூரியும் அங்கே பிறந்தன.

1968 மே மாதம் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கறுப்பின மாணவர்கள் கட்டண அலுவலகத்துக்குள் 38 மணி நேரம் அமர்ந்தார்கள். கூடுதல் சேர்க்கை, உதவித்தொகை, தங்களுக்கென ஓர் இடம் ஆகியவை அவர்கள் கோரிக்கைகளில் இருந்தன. பேச்சுவார்த்தையில் உடன்பாடு கண்டு அமைதியாக வெளியேறினார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹார்லெம் மக்களின் பூங்காவில் உடற்பயிற்சிக் கூடம் கட்டுவதை எதிர்த்த மாணவர்கள், தாங்கள் முற்றுகையிட்ட கட்டடத்துக்கு மால்கமின் பெயரை வைத்தார்கள். கூடம் கட்டும் திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் சான்டா பார்பரா வளாகத்திலும் மாணவர்கள் ஒரு கட்டடத்துக்கு மால்கம் எக்ஸ் மண்டபம் என்று பெயரிட்டார்கள். 1969இல் டியூக் மாணவர்களின் போராட்டத்தைத் தொடர்ந்து டர்ஹாம் நகரில் மால்கம் எக்ஸ் விடுதலைப் பல்கலைக்கழகமே தொடங்கப்பட்டது. அது சில ஆண்டுகளே நடந்தது.

முற்றுகைகள் முடிந்த பிறகும் சங்கங்கள் நின்றன. புதிதாக வரும் மாணவரை வரவேற்பது, மூத்தவர் இளையவருக்குப் பாடத்தில் உதவுவது, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வழிகாட்டுவது, அவமதிப்பு நேர்ந்தால் நிர்வாகத்திடம் கூடச் சென்று பேசுவது என்று அவை செய்தவை பெரும்பாலும் சிறிய காரியங்கள்தான். ஒரு மாணவர் படிப்பை விட்டுப் போவதும் முடித்து வெளிவருவதும் பெரும்பாலும் இந்தச் சிறிய காரியங்களைப் பொறுத்தே அமைகின்றன.

மால்கமிடம் அறிவு இருந்தது, உழைப்பு இருந்தது, மதிப்பெண் இருந்தது. வெள்ளை ஆசிரியர்களின் பிரியமும் இருந்தது. இவ்வளவும் இருந்தும் ஒரு வாக்கியம் அவரைப் பள்ளியிலிருந்து வெளியேற்றியது. பக்கத்தில் நின்று, நீ வழக்கறிஞராக முடியும் என்று சொல்ல இரண்டு மூத்த மாணவர்கள் இருந்திருந்தால் போதும். கொலம்பியாவின் ஹார்ட்லி விடுதியில் அவர் பெயரில் ஒரு கூடம் இருக்கிறது. கறுப்பின மாணவர்கள் அங்கே கூடிப் படிக்கிறார்கள், பேசுகிறார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளும் நாளை ஏதோ ஒரு வகுப்பறையில் சிறுபான்மையாக அமரக்கூடும். பெரும்பான்மையாகவும் அமரக்கூடும். தனித்து உட்கார்ந்திருக்கும் சக மாணவரிடம் முதலில் போய்ப் பேச அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம்.