புறாவின் கதை சொன்ன தன்கோபால் முகர்ஜி

நம் வன்னிப் பிள்ளைகள் ஆங்கிலம் பயிலக் கையிலெடுக்கும் கதை நூல்களிற் பல, பனி பொழியும் தேசங்களையும் நாம் காணாத மரங்களையும் பற்றியன. காடும் களிறும் கோயிலும் குளமும் நிறைந்த நம் வாழ்வைப் போன்றதொரு வாழ்வை ஆங்கிலத்திலே சிறுவர்க்கு எழுதியவர் நம்மவருள் இல்லையோ என வினவுவோர்க்கு விடையாக நிற்பவர் தன்கோபால் முகர்ஜி. அவருடைய சரிதத்தை இளைஞர் அறிதல் நன்று.

1890ஆம் ஆண்டு யூலை 6ஆந் திகதி, வங்காளத்திலே கல்கத்தாவுக்கு அணித்தான சிற்றூரொன்றில், கோயிற் பூசகர் மரபில் அவர் பிறந்தார். இராமாயண பாரதக் கதைகளை அன்னையாரின் வாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தார். இளமையில் குலமரபுப்படி துறவுக்கோலம் பூண்டு, பிச்சையேற்று, ஊர் ஊராகத் திரிந்து மக்களை அறிந்தார். பின்னர் கல்கத்தாவிற் கல்வி பயின்றார். அவர் தமையனார் யதுகோபால் தேச விடுதலை இயக்கத்தில் முன்னின்றவர். 1923 முதல் 1927 வரை விசாரணையின்றிச் சிறையிலிருந்தவர்.

இளைஞரான தன்கோபால் தொழிற்கல்வி கற்க யப்பானுக்குச் சென்றார். ஆங்கு மனிதனையும் இயந்திரத்தின் உறுப்பாகவே கருதும் தொழிற்சாலை முறை அவர் உள்ளத்துக்கு ஒவ்வவில்லை. ஆகவே அமெரிக்கா போந்தார். கையிற் பொருளில்லை, துணையுமில்லை. பிறர் வீடுகளிற் பாத்திரம் கழுவியும், வயல்களிற் கூலிவேலை செய்தும், கலிபோர்னியாவிற் படித்தார். 1914இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார். வறுமை அவர் கல்விக்குத் தடையாகவில்லை என்பதை நம் மாணவர் கருத்திற் கொள்க.

1922இல் அவருடைய முதற் சிறுவர் நூல் வெளிவந்தது. ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனும் ஐந்து மாத யானைக் கன்று ஒன்றும் உடன் வளரும் கதை அது. அந்த யானையின் பெயர் கரி. நம் தமிழிலும் கரியென்றால் யானையே அன்றோ! அதன்பின் காட்டு வாழ்வைக் கூறும் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

அவற்றுள் தலைசிறந்தது 1927இல் வெளியான புறாவின் கதை. அப்புறாவின் பெயர் சித்திரக்கிரீவன். இதோபதேசத்திலே வலையோடு பறந்து, எலி நண்பனால் விடுதலை பெற்ற புறாவரசனின் பெயரும் இதுவே. பாட்டிமார் சொல்லும் கதையிலிருந்து பெயரை எடுத்து, அதனைத் தம் காலத்து யுத்தக்களத்துக்கு அனுப்பினார் ஆசிரியர். முதலாம் உலகப் போரில் இந்தியப் படையோடு பிரான்சுக்குச் செல்லும் அப்புறா, குண்டுமழையினூடே செய்தி சுமந்து பறக்கிறது, காயமுற்றுத் திரும்புகிறது. காயம் ஆறிய பின்னும் பறக்க அஞ்சுகிறது. அதனோடு போருக்குச் சென்ற கோண்ட் என்னும் வேட்டைக்காரனோ மனத்திற் பகைமையைச் சுமந்து திரும்புகிறான். இமயமலைப் பௌத்த மடமொன்றிலே, துறவியரின் போதனையும் தியானமும் பொறுமையும் புறாவின் அச்சத்தையும் மனிதனின் பகையையும் நீக்குகின்றன. புறா மீண்டும் வானிற் பறக்கிறது.

இந்நூலுக்கு 1928இல் அமெரிக்க நூலகர் சங்கத்தின் நியூபெரிப் பதக்கம் கிடைத்தது. சிறுவர் இலக்கியத்துக்கென 1922 முதல் ஆண்டுதோறும் வழங்கப்படும் அப்பெரும் பரிசைப் பெற்ற முதல் இந்தியர் இவரே. இதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1923இல், இந்தியர் அமெரிக்கக் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. சட்டம் அடைத்த கதவைக் கதையொன்று திறந்தது எனலாம்.

சமயத் தொண்டிலும் அவர் பின்னிற்கவில்லை. 1926இல் ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்சரைப் பற்றி எழுதினார். பிரெஞ்சு அறிஞர் ரோமன் ரோலந்து பரமஹம்சரின் சரிதத்தை எழுதத் தூண்டுகோலாயிருந்தது அந்நூலே. 1930இல் இராமபிரானின் கதையைச் சிறுவர்க்காக ஆங்கிலத்திற் தந்தார். அடுத்த ஆண்டில் பகவத் கீதையை மொழிபெயர்த்தார்.

இத்தனை பெருமைக்குரியவரின் முடிவு துயரமானது. கடும் மனவேதனைக்கு ஆளான அவர், 1936 யூலை 14இல், நாற்பத்தாறாம் வயதில், நியூயோர்க்கிலே தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். இதனை மறைத்தல் சரிதமாகாது. ஆயின் அவர் கதையையும் உடன் வைத்து நோக்குதல் வேண்டும். அஞ்சிய புறா தனித்திருந்து தேறவில்லை. அன்புடையோர் அதனை ஏந்திச் சென்றனர், மடத்தோர் ஏற்றனர், காலம் கொடுத்தனர். 2009இல் முடிந்த போரைக் கண்ட நம் மண்ணிலே, காயம் ஆறியும் அச்சம் ஆறாதவர் உளர். துயருற்ற இளைஞன் அதனைத் தனியே சுமக்கலாகாது. பெரியோரிடமும் நண்பரிடமும் வைத்தியரிடமும் வாய்திறந்து கூறுதல் வேண்டும். பெரியோரும் கடிந்துகொள்ளாது செவிசாய்த்தல் வேண்டும்.

அவருக்குப் பின் ஆர். கே. நாராயணன் 1935இல் சுவாமியும் நண்பர்களும் என்ற கதையைத் தந்தார். ரஸ்கின் பொண்ட் மலைநாட்டுக் கதைகள் பல தந்தார். எனினும் வழிதிறந்தோருள் முன்னின்றவர் தன்கோபாலே. அவருடைய புறாவின் கதையை நம் வாசிகசாலைகள் வாங்கி வைக்கட்டும். ஆங்கிலம் அறிந்த மூத்த மாணவர் அதனை இளையோர்க்குத் தமிழிற் சொல்லட்டும். வன்னிக் காட்டையும் குளத்தையும் யானையையும் உலகச் சிறுவர்க்கு எடுத்துரைக்கும் பிள்ளையொன்று நம்மிடையே எழுமாயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் செய்யும் நன்றியாகும்.