தாயில்லாப் பிள்ளை தந்த விளையாட்டு

1849-ம் ஆண்டு. ஜெர்மனியில் லீபன்ஸ்டைன் என்னும் சிற்றூர்.

ஒல்லியான, உயரமான ஒரு கிழவர் நடந்து போனார். நரைத்த முடி நீண்டு தொங்கியது. அவருக்குப் பின்னால் குழந்தைகள் இரண்டு இரண்டு பேராக அணிவகுத்துச் சென்றார்கள். பலருக்குக் காலில் செருப்புக் கூட இல்லை. எல்லோரும் கிராமத்துப் பிள்ளைகள்.

குன்றின் மேல் ஏறியதும் விளையாட்டு தொடங்கியது. கிழவரும் சேர்ந்து ஆடினார், பாடினார்.

பார்த்தவர்கள் சிரித்தார்கள். 67 வயதில் சிறு பிள்ளைகளோடு குதிக்கும் இவருக்குப் புத்தி பேதலித்து விட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கிழவர்தான் பிரெடரிக் புரோபெல். உலகத்துக்குக் "கிண்டர்கார்டன்" பள்ளியைத் தந்தவர்!

தோட்டமே துணை

துரிங்கியா மலைக்காட்டில் உள்ள ஓபர்வைஸ்பாக் என்ற கிராமத்தில், 1782-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி புரோபெல் பிறந்தார். தந்தை பாதிரியார்.

குழந்தைக்கு 9 மாதம் ஆனபோது தாயார் இறந்துவிட்டார். தந்தைக்கோ ஊர் வேலையே சரியாக இருந்தது. சில ஆண்டுகளில் அவர் மறுமணம் செய்துகொண்டார்.

வந்த சிற்றன்னை முதலில் அன்பாகத்தான் இருந்தார். தமக்கென்று ஒரு குழந்தை பிறந்ததும் மனம் மாறிவிட்டது. சிறுவன் புரோபெல் தனித்து விடப்பட்டான்.

வீட்டை ஒட்டி ஒரு தோட்டம் இருந்தது. அதுதான் அவனுக்குத் துணை. செடியையும் பூவையும் பார்த்தே பொழுதைக் கழித்தான்.

10 வயதில் தாய்மாமன் அவனைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கேதான் மற்றப் பிள்ளைகளோடு ஓடி ஆடும் சுகம் அவனுக்குக் கிடைத்தது.

எட்டாத வாழ்வு

15 வயதில் காட்டு அதிகாரி ஒருவரிடம் தொழில் பழகப் போனார். பிறகு ஜேனா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கடனை அடைக்க முடியவில்லை. அதற்காக 9 வாரம் கல்லூரிச் சிறையில் அடைபட்டுக் கிடந்தார்!

1805-ம் ஆண்டு, கட்டிடக் கலை படிக்கலாம் என்று பிராங்க்பர்ட் நகருக்குப் போனார். அங்கே ஒரு பள்ளித் தலைவர், ஆசிரியராகும்படி அவரைத் தூண்டினார். வகுப்பில் நுழைந்ததுமே, தண்ணீரில் விட்ட மீனைப் போல் ஆகிவிட்டார் புரோபெல்.

சுவிட்சர்லாந்தில் பெஸ்டலாசி என்ற கல்வி மேதையிடம் இரண்டு ஆண்டு தங்கிப் பாடம் கற்றார்.

1816-ம் ஆண்டு, உடன் பிறந்தவர்களின் பிள்ளைகள் 5 பேரை வைத்துத் தாமே ஒரு பள்ளி தொடங்கினார். மறு ஆண்டு அது கைல்ஹாவ் கிராமத்துக்கு மாறியது.

ஆண்டுகள் ஓடின. ஓர் உண்மை அவர் மனதில் உறுதியாகப் பதிந்தது. பள்ளிக்கு வரும் முன்பே குழந்தையின் மனம் உருவாகத் தொடங்கி விடுகிறது. அந்த வயதில் விளையாட்டுத்தான் குழந்தையின் படிப்பு. அதைக் கவனிப்பார் யாரும் இல்லையே!

ஆறு பந்துகள்

1837-ம் ஆண்டு பிளாங்கன்பர்க் என்ற ஊரில் குடியேறினார். குழந்தைகளுக்காக விளையாட்டுப் பொருள்கள் செய்தார். அவற்றுக்குப் "பரிசுகள்" என்று பெயர் வைத்தார்.

முதல் பரிசு, நூலில் கட்டிய 6 கம்பளிப் பந்துகள். ஒவ்வொன்றும் ஒரு நிறம். பந்து ஆடும், உருளும், கைக்குள் மறையும், மறுபடி வரும். கைக்குழந்தை அதைப் பிடித்துப் பார்த்தே நிறத்தையும் மென்மையையும் அறிந்துகொள்ளும்.

அடுத்தது மரத்தில் செய்த உருண்டையும் சதுரக் கட்டையும். உருண்டை ஓடும், கட்டை நிற்கும். தட்டினால் ஓசையும் கேட்கும். மூன்றாவது, 8 சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு பெரிய கட்டை. பிள்ளை அதில் நாற்காலி செய்யும், வீடு கட்டும்.

1840-ம் ஆண்டு தம் பள்ளிக்குக் "கிண்டர்கார்டன்" என்று பெயர் சூட்டினார். குழந்தைகள் தோட்டம் என்பது இதன் பொருள்.

பெயர் மட்டும் அல்ல, தோட்டமும் இருந்தது! ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி. வசந்த காலத்தில் மண்ணைத் தொட்டு விதை போடுவார்கள். கோடையில் தண்ணீர் ஊற்றிக் களை பிடுங்குவார்கள். விளைந்ததும் பறிப்பார்கள்.

பனி கொட்டும் காலத்தில் வீட்டுக்குள்ளேயே விளையாடவும் வழி செய்தார். காகிதம் மடிக்கலாம், காகிதப் பாய் பின்னலாம், களிமண்ணில் உருவம் பிடிக்கலாம். ஊறவைத்த பட்டாணியில் குச்சிகளைச் செருகிக் கூடாரமும் கட்டலாம்! இவற்றுக்குப் பெரும் செலவு ஏது?

1844-ம் ஆண்டு, தாய்மார்கள் வீட்டில் குழந்தையோடு விளையாடுவதற்காக ஒரு பாட்டுப் புத்தகம் வெளியிட்டார். தாயின் மடியை அறியாத மனிதர், தாய்மார்களுக்காக எழுதிய புத்தகம் அது!

இளம் பெண்களுக்கு ஆசிரியர் பயிற்சியும் அளித்தார். பெண்கள் வெளியே வந்து வேலை பார்ப்பது அரிதாக இருந்த காலம் அது.

தடை!

1851-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி. பிரஷ்ய அரசாங்கம் கிண்டர்கார்டன் பள்ளிகளுக்குத் தடை விதித்தது! அவை நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் வளர்க்கின்றன என்று குற்றம் சாட்டியது.

புரோபெல் தெய்வ பக்தி நிறைந்தவர். அவருடைய அண்ணன் மகன் கார்ல் எழுதிய கருத்துக்களை, அவருடையவை என்று தவறாக எண்ணிவிட்டார்கள். புரோபெல் முறையிட்டார். பலன் இல்லை.

அந்தத் தடை நீங்குவதை அவர் காணவில்லை. 1852-ம் ஆண்டு ஜூன் 21-ந் தேதி, 70-வது வயதில் காலமானார்.

1860-ம் ஆண்டு தடை நீக்கப்பட்டது. அதற்குள் அவரிடம் படித்த ஒரு பெண்மணி, 1856-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் கிண்டர்கார்டன் தொடங்கிவிட்டார். பிறகு அது உலகெங்கும் பரவியது.

நம் ஊர்ப் பிள்ளைகள் "எல்.கே.ஜி.", "யு.கே.ஜி." படிக்கிறார்கள் அல்லவா? அதில் வரும் "கே.ஜி." என்ற இரண்டு எழுத்தும் கிண்டர்கார்டன்தான். சிலேட்டும் மனப்பாடமும் மட்டுமே அங்கே இருந்தால், பெயர் மட்டும்தான் புரோபெல் தந்தது.

அவருடைய கல்லறையின் மேல் ஒரு சதுரக் கட்டை, அதன் மேல் ஓர் உருளை, அதற்கும் மேல் ஓர் உருண்டை என்று கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு குழந்தை அடுக்கி வைத்துவிட்டு, விளையாடப் போனது போல இருக்கிறது.