மகாகவி பாரதியாரின் இறுதி நோய்: வயிற்றுக்கடுப்பும் குடல் தொற்றும்

ஆண்டுதோறும் செப்டம்பர் 11ஆம் நாள் தமிழ்நாட்டில் மகாகவி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பாரதியார் யானை தாக்கியதால் மறைந்தார் என்றே பலர் இன்றும் எண்ணுகின்றனர். யானை தாக்கியது உண்மை. எனினும் அவர் உயிரைப் பறித்தது யானை அன்று. வயிற்றுக்கடுப்பு என்னும் குடல் நோயாகும். இன்று தடுக்கவும் குணப்படுத்தவும் இயலும் அந்நோயைப் பற்றி, அவர் வாழ்க்கையின் வழியே இப்பக்கம் விளக்குகிறது.

பொருநைக் கரையில்

சுப்பிரமணிய பாரதியார் 1882 டிசம்பர் 11 அன்று, அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த எட்டயபுரத்தில் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். 1894 முதல் 1897 வரை திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் பயின்றார். 1897இல் கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாளை மணந்தார். மறு ஆண்டு தந்தையும் காலமானார்.

காசியில் சில ஆண்டுகள் கல்வி, எட்டயபுர அரண்மனையில் பணி, மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதங்கள் ஆசிரியப் பணி, பின்னர் 1904இல் சென்னையில் சுதேசமித்திரன் இதழில் உதவி ஆசிரியர் பொறுப்பு என அவர் வாழ்க்கை நகர்ந்தது. 1908 முதல் பத்தாண்டுகள் புதுச்சேரியில் வாழ்ந்தார். 1918 நவம்பரில் பிரிட்டிஷ் இந்திய எல்லைக்குள் நுழைந்தபோது கடலூரில் கைது செய்யப்பட்டு, மறு மாதம் விடுதலையானார். அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், தாமிரபரணிப் படுகையில் பொதிகை மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள கடையத்தில் குடும்பத்துடன் தங்கினார். 1920 இறுதியில் மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்து, திருவல்லிக்கேணியில் குடியேறினார்.

இறுதி மாதங்கள்

1921ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பார்த்தசாரதி கோயில் யானைக்கு உணவளிக்கச் சென்ற பாரதியாரை அது தள்ளி வீழ்த்தியது. குவளைக்கண்ணன் பாய்ந்து அவரை மீட்டார். இராயப்பேட்டை மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற பாரதியார் தேறினார். அலுவலகப் பணிக்குத் திரும்பினார். ஈரோடு கருங்கல்பாளையம் சென்று சொற்பொழிவும் ஆற்றினார்.

செப்டம்பர் தொடக்கத்தில் அவருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அது விரைவில் வயிற்றுக்கடுப்பாக முற்றியது. ஏற்கெனவே மெலிந்திருந்த உடல் மேலும் தளர்ந்தது. பரலி சு. நெல்லையப்பர் உள்ளிட்ட நண்பர்கள் உடனிருந்தனர். மருத்துவர் அழைக்கப்பட்டும் பாரதியார் மருந்துண்ண மறுத்துவிட்டார். செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து, 12ஆம் நாள் அதிகாலையில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 38.

வயிற்றுக்கடுப்பு என்பது யாது?

ஒரே நாளில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை நீர்த்த மலம் கழிதல் வயிற்றுப்போக்கு ஆகும். அதனுடன் சீதமும் இரத்தமும் கலந்து, அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அது வயிற்றுக்கடுப்பு அல்லது சீதபேதி எனப்படும். இதற்குப் பாக்டீரியாவும் காரணமாகலாம், அமீபாவும் காரணமாகலாம். இரண்டையும் ஆய்வகப் பரிசோதனையே பிரித்துக் காட்டும்.

பாக்டீரியாவால் வரும் சீதபேதிக்கு முதன்மைக் காரணம் ஷிகெல்லா ஆகும். பாரதியாரின் திருமணம் நடந்த அதே 1897இல், ஜப்பானில் பரவிய சீதபேதியின்போது கியோஷி ஷிகா இக்கிருமியைக் கண்டறிந்தார். 10 முதல் 100 வரையிலான கிருமிகளே நோயை உண்டாக்கப் போதுமானவை. எனவே கழுவாத கைகள், ஈக்கள், மாசடைந்த நீர் ஆகியவற்றின் வழியே இது எளிதில் பரவுகிறது.

குடலைத் தாக்கும் பாக்டீரியாக்கள் மூன்று வழிகளில் செயல்படுகின்றன.

• உணவிலேயே நச்சை உண்டாக்குபவை: ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், பேசில்லஸ் சீரியஸ். உண்ட சில மணி நேரத்திலேயே வாந்தி தொடங்கும். பேசில்லஸ் சீரியஸின் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் அழிவதில்லை. சோற்றை நெடுநேரம் வெளியில் வைத்தால் பெருகுகின்றன. அவை உண்டாக்கும் வாந்தி நச்சு மீண்டும் சூடாக்கினாலும் நீங்காது.

• குடலில் தங்கி நச்சைச் சுரப்பவை: காலரா கிருமி, ஈ. கோலையின் சில வகைகள். நீர் போன்ற பேதி மிகுதியாகும்.

• குடற்சுவரைத் துளைப்பவை: ஷிகெல்லா, சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர். காய்ச்சலும், பலருக்கு இரத்தபேதியும் ஏற்படும்.

அன்றும் இன்றும்

1921இல் கிருமிகள் அறியப்பட்டிருந்தன. ஆனால் அவற்றைக் கொல்லும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் இல்லை. உப்பு சர்க்கரைக் கரைசலின் ஆற்றலும் அறியப்படவில்லை. சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1971இல், வங்க எல்லையில் உள்ள பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மஹலானபிஸ் இக்கரைசலைப் பெருமளவில் வழங்கினார். அவர் பொறுப்பில் இருந்தோரிடையே, 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தது. சர்க்கரையின் ஒரு வகையான குளுக்கோஸ் குடற்சுவரில் உறிஞ்சப்படும்போது உப்பையும் உடன் ஈர்க்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் உடலுக்குள் செல்கிறது. இக்கரைசல் இயங்கும் முறை இதுவே.

செய்ய வேண்டியவை

• ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். பொடியை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, ஒவ்வொரு முறை பேதியான பின்பும் பருக வேண்டும். கரைசலை 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும்.
• வழக்கமான உணவையும் தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது. குழந்தைகளுக்கு மருத்துவர் அறிவுரைப்படி 14 நாட்கள் துத்தநாக மாத்திரை அளிக்க வேண்டும்.
• மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைதல், குழிவிழுந்த கண்கள், மயக்கம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுக வேண்டும். அவசரத்திற்கு 108, ஆலோசனைக்கு 104.
• இரத்தபேதி உள்ளபோது பேதியை நிறுத்தும் மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளக் கூடாது. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டுமே உண்ண வேண்டும்.
• மலம் கழித்த பின்பும், சமைக்கும் முன்பும், உண்ணும் முன்பும் சோப்பினால் கைகளைக் கழுவ வேண்டும்.
• ஆற்று நீரோ கிணற்று நீரோ, கொதிக்க வைத்தே பருக வேண்டும். தெளிந்த நீர் யாவும் கிருமியற்ற நீர் ஆகாது.

வயிற்றுப்போக்கு தானே நின்றுவிடும் என்று காத்திருப்பதும், மருந்தை மறுப்பதும் இன்றும் பல வீடுகளில் காணப்படுகின்றன. நோயாளி மறுத்தாலும், உடனிருப்போர் கரைசலைச் சிறிது சிறிதாகப் புகட்டத் தொடங்க வேண்டும். பாரதியாரின் நண்பர்களுக்கு அன்று கிட்டாத அந்த வாய்ப்பு இன்று ஒவ்வோர் இல்லத்திற்கும் எட்டும் தொலைவில் உள்ளது.