கூடி ஜெபித்த குடும்பங்கள்: அர்ச். யோசேப்பு வாஸ் சுவாமியார் சரித்திரம்

1658ம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருக்களை நாட்டைவிட்டுத் துரத்தினார்கள். குருவானவருக்கு ஒளிந்திருக்க இடங்கொடுப்பவர்களுக்கு மரண தண்டனை என்று கட்டளையும் பிறப்பித்தார்கள். ஏறக்குறைய முப்பது வருஷ காலம் இலங்கைக் கத்தோலிக்கர் மேய்ப்பனில்லாத ஆடுகளைப் போலத் தவித்தார்கள். அவர்களைத் தேடி வந்தவரே அர்ச். யோசேப்பு வாஸ் சுவாமியார்.

இவர் 1651ம் ஆண்டு கோவாவைச் சேர்ந்த பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தவர். 1676ல் குருப்பட்டம் பெற்றார். 1685ல், சுதேசக் குருக்கள் சிலர் ஒன்றாய் வாழ்ந்துவந்த சிறு சபையில் சேர்ந்து, அதற்கு நல்ல ஒழுங்கை ஏற்படுத்தினார். இலங்கைக் கத்தோலிக்கரின் துயரம் அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. 1687ல் ஏழைக் கூலியாளைப் போல வேஷம் பூண்டு யாழ்ப்பாணம் சேர்ந்தார்.

அங்கே கத்தோலிக்கர் யாரென்று எவரிடம் விசாரிப்பது? வாய் திறந்து கேட்டால் அவருக்கும் ஆபத்து, சொல்பவருக்கும் ஆபத்து. ஆகையால் கழுத்திலே ஜெபமாலையை அணிந்துகொண்டு, வீடு வீடாய்ப் பிச்சைக்குப் போனார். ஜெபமாலையைக் கண்டவர்களின் முகக்குறியே அவருக்கு வழிகாட்டியது. சில்லாலைக் கிராமத்துக் கத்தோலிக்கர் அவரை ஏற்றுக்கொண்டார்கள். இரவு நேரங்களில் விசுவாசிகளின் வீடுகளிலே பூசை நடந்தது. 1689ம் ஆண்டு கிறிஸ்து பிறந்த திருநாள் இரவில், கூடியிருந்தவர்களை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தார்கள். சுவாமியார் தப்பினார். பிடிபட்டவர்களோ தண்டனைக்கு அஞ்சி வேதத்தை விடவில்லை.

1692ல் கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கீசரின் ஒற்றனென்று சிறைவைக்கப்பட்டார். அங்கும் ஒரு சிறு குடிலைக் கோவிலாக்கினார். கத்தோலிக்கர் அவ்விடம் தேடிவந்து ஒன்றுகூடினார்கள். 1697ல் கண்டி நகரில் பெரியம்மை பரவிற்று. உற்றாரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடினார்கள். சுவாமியாரும் அவருடைய மருமகனான கார்வாலோ சுவாமியாரும், எந்த மதத்தாரென்று பாராமல் நோயாளிகளுக்குக் கஞ்சி வார்த்து, புண்ணைக் கழுவி, இறந்தவர்களை அடக்கஞ்செய்தார்கள்.

தாம் ஒருவராய் எல்லா ஊருக்கும் போதமாட்டார் என்று அவருக்குத் தெரியும். ஆகவே ஊர்தோறும் கோவில் காரியங்களைக் கவனிக்க மூப்பரையும், ஜெபஞ் சொல்லிக்கொடுக்க அண்ணாவியாரையும் நியமித்தார். குருவானவர் வரமுடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் கூடி ஜெபித்தார்கள். பிள்ளைகள் ஞானோபதேசம் படித்தார்கள். சாகுந்தறுவாயிலிருந்தவர்கள் தனியே விடப்படவில்லை. 1711ம் ஆண்டு ஜனவரி 16ல் அவர் கண்டியில் மரித்தபோது, அந்தச் சபைகள் அவரோடு மடிந்துபோகவில்லை. 2015ல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு நகரில் அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தார்.

அன்பான பங்கு மக்களே! நமக்குக் கோவில் உண்டு, குருவானவர் உண்டு, பயமின்றிப் பூசை காணும் பாக்கியமும் உண்டு. ஆயினும் ஒரே பீடத்தருகே முழந்தாளிட்டு எழும்பி, ஒருவர் துன்பம் ஒருவர் அறியாமல் வீடு திரும்புகிறோமே! நம் தெருவில் வியாதியாய்க் கிடப்பவர் யார்? பல வாரமாய்ப் பூசைக்கு வராதவர் யார்? இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போய், அவரோடு சேர்ந்து ஒரு ஜெபமாலை சொல்லுங்கள். அன்று அந்தச் சுவாமியார் வாசல் வாசலாய்த் தேடியது இப்படிப்பட்ட வீடுகளைத்தான்.