பிடி அரிசிப் பள்ளியில் படித்த முதலமைச்சர்

யூபிலி மலர் என்றால் பாதுகாவலரின் வரலாறும், பங்கை வளர்த்த குருக்கள், கன்னியர் ஆகியோரின் வாழ்க்கையும் இடம்பெறுவது வழக்கம். அவற்றுக்கிடையே கத்தோலிக்கர் அல்லாத ஓர் அரசியல் தலைவரின் வாழ்க்கைக்கு என்ன இடம் என்று பங்குமக்களுள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். தமிழகத்தின் எண்ணற்ற பங்குப் பள்ளிகளின் வாசலில் 'அரசு உதவி பெறும் பள்ளி' என்று ஒரு பலகை தொங்குகிறது. திருப்பலிக்குப் போகும் வழியில் அதை நாம் ஆயிரம் முறை பார்த்திருப்போம். அந்த 'உதவி' என்ற சொல் ஆசிரியரின் முதுமைக்கும் பிள்ளையின் வயிற்றுக்கும் போய்ச் சேர்ந்தது பெருந்தலைவர் காமராஜர் காலத்தில்தான். ஆகவே அவரைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் விருதுபட்டியில், இன்றைய விருதுநகரில், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தகப்பனார் தேங்காய் வியாபாரி. பிள்ளைக்கு ஆறு வயது நிரம்பும் வேளையில் அவர் இறந்துவிடவே, நகைகளை விற்று வந்த தொகையின் வட்டியில் குடும்பத்தை நடத்தவேண்டிய நிலை தாயாருக்கு ஏற்பட்டது. சிறுவன் முதலில் ஏனாதி நாயனார் வித்தியாலயத்திலும், பிறகு சத்திரிய வித்தியாசாலையிலும் படித்தான்.

இந்த இரண்டாவது பள்ளியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அதை அரசு கட்டவில்லை, ஊர் கட்டியது. வியாபாரிகள் தங்கள் சரக்கின்மேல் செலுத்திய மகமைப் பணமும், வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் தனிப் பானையில் ஒதுக்கிய ஒரு பிடி அரிசியும் சேர்ந்து அதை நடத்தின. அரிசியை வீடுவீடாகத் திரட்டி விற்றுப் பள்ளிச் செலவுக்குக் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது. பிடி அரிசி என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை. நம் பாட்டிமார் கோவிலுக்கென்று அடுக்களையில் கலயம் வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் பங்கில் இருக்கிறார்கள்.

ஆனாலும் அந்தப் பள்ளியில்கூட அவரால் தொடர்ந்து படிக்க முடியவில்லை. ஆறாம் வகுப்போடு நின்று மாமாவின் துணிக்கடையில் உட்கார்ந்தார். சம்பளமில்லாப் பள்ளியும் வறுமையை வெல்வதில்லை என்ற பாடத்தை அந்த வயதிலேயே கற்றார் என்று நாம் கருதுகிறோம். பிற்காலத்தில் செய்த காரியங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

பிறகு நடந்தவை ஊரறிந்தவை. காங்கிரஸ் தொண்டரானார், உப்புச் சத்தியாக்கிரகத்தில் கைதாகி அலிப்பூர் சிறை வரை போனார், மொத்தத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்தார். சத்தியமூர்த்தியைக் குருவாகக் கொண்டார். 1940இல் மாநிலக் காங்கிரஸ் தலைவரானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1954 ஏப்ரல் 13ஆம் நாள் சென்னை மாகாண முதலமைச்சராகப் பதவியேற்றார்.

பதவியேற்ற சில வாரங்களில், முந்தைய ஆட்சி கொண்டுவந்திருந்த அரைநாள் படிப்புத் திட்டத்தைக் கைவிட்டார். எல்லாரும் நினைவில் வைத்திருப்பது இதைத்தான். நம் போன்ற பங்குகளுக்கு அதைவிட நெருங்கிய காரியம் ஒன்று உண்டு. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

தனியார் பள்ளிக்கு அரசு மானியம் தருவது பழைய ஏற்பாடு. 1854இல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையிலிருந்து அது தொடங்குகிறது. மிஷன் பள்ளிகள் பெருகியது அந்த மானியத்தின் துணையோடுதான். சுதந்திரத்துக்குப் பின் வந்த அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு, மானியம் வழங்கும்போது சிறுபான்மையோர் நடத்தும் பள்ளி என்பதற்காக வேறுபாடு காட்டலாகாது என்று விதித்தது. அந்த அரசியல் நிர்ணய சபையில் சென்னை லயோலா கல்லூரியின் சேசு சபைக் குரு ஜெரோம் டி'சூசா அவர்களும் உறுப்பினராக அமர்ந்திருந்தார் என்பது நமக்குப் பெருமை.

ஆனால் சட்டம் வேறு, நடைமுறை வேறு. மானியம் ஆசிரியரின் சம்பளத்துக்கு வந்ததே தவிர அவருடைய முதுமைக்கு வரவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் ஓய்வு பெற்றால் அவருக்கு ஓய்வூதியம் உண்டு. அதே பாடத்தை அதே ஊரில் நடத்திய உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்கு அது இல்லை. 1955இல் காமராஜர் ஆட்சி ஓய்வூதியம், சேமநிதி, காப்புறுதி என்ற மூன்று நன்மைகளையும் சேர்த்து உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு வழங்கத் தொடங்கியது. இந்தியாவில் இதை முதலில் செய்தது சென்னை மாநிலமே. வேட்டியைக் கொடுவாய்க் கட்டிக்கொண்டு திண்ணையில் வகுப்பெடுத்த நம் பழைய வாத்தியார்கள், கடைசிக் காலத்தில் பிறர் கையை எதிர்பாராமல் இருந்தார்களென்றால் அதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது மதிய உணவு. பள்ளியில் சோறு போடுவது அவர் கண்டுபிடித்ததன்று. 1920இலேயே சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் காலத்தில் ஆயிரம்விளக்குப் பள்ளியில் அதைத் தொடங்கியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவிடக் கூடாதென்று ஆங்கில அரசு தடுக்கவே 1925இல் அது நின்றுபோனது. பசியால் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். இங்கே கணக்குப் புத்தகத்தால் சோறே நின்றது.

காமராஜர் வேறு வழியில் போனார். 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தபோது அரசுப் பணம் அதில் இல்லை. ஊரார் கொடுத்த அரிசியும் பருப்பும் விறகுமே முதல். இதற்காக ஊர்ஊராகப் போய்ப் பிச்சை எடுக்கவும் தயார் என்ற பொருள்பட அவர் பேசினார். ஊர் கொடுக்கிறது என்று கண்டபிறகே அரசு உள்ளே வந்தது. 1957 நவம்பர் முதல் மானியம் வழங்கப்பட்டது. நயா பைசா புழக்கத்துக்கு வந்த ஆண்டு அது. ஒரு பிள்ளையின் ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, அதில் ஆறு காசை அரசு தரும், நாலு காசை ஊர் தரவேண்டும் என்று வகுத்தார்கள். பள்ளி அரசுடையதா, உதவி பெறுவதா என்று பார்க்கவில்லை. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு மாவட்டம் மாவட்டமாக அலைந்து இதை நடத்திக் காட்டினார். 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இதே வழிதான்: கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, சீருடை என்று ஊரார் மேடையிலேயே அறிவித்துக் கொடுத்தார்கள்.

ஐம்பது பிள்ளைகள் சாப்பிடும் ஒரு பள்ளியை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு இருநூறு நாள் என்றால் ஊரின் பங்கு நானூறு ரூபாய். அரசின் பங்கு அறுநூறு. விருதுபட்டியின் பிடி அரிசிக் கலயத்தை மாநிலம் முழுதுக்கும் எடுத்துவந்து, அதன் பக்கத்தில் அரசாங்கக் கலயம் ஒன்றையும் வைத்தார் என்றால் மிகையாகாது.

குறை இல்லாமலில்லை. நாலு காசு கொடுக்க முடியாத ஊரும் இருக்கத்தானே செய்தது? மழை பொய்த்த ஆண்டில் மிராசுதார் கையை விரித்தால் அடுப்பு அணைந்தது. எந்தச் சேரியில் பசி அதிகமோ அந்தச் சேரியின் கலயமே முதலில் காலியாகும். ஊர் பாதி, அரசு பாதி என்ற ஏற்பாடு ஏழைகள் மட்டுமே வாழும் குடியிருப்பில் நொண்டியடிக்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1961 முதல் கேர் நிறுவனம் தந்த பால்மாவும் எண்ணெயும் ஓரளவு கைகொடுத்தன. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது ஊரின் பங்கு என்பதை விட்டு அரசே பொறுப்பேற்றது. அது சரியான முடிவு என்பதே நம் கருத்து. ஊர்க்கலயம் அதோடு மறைந்துபோனதில் நமக்குச் சிறிது வருத்தமும் உண்டு.

போடிமெட்டுப் பக்கம் அவர் பெயரை எடுத்தால் இன்னொரு குறையையும் சொல்வார்கள். அதை மறைப்பது நேர்மையாகாது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று மார்ஷல் நேசமணியும் அவருடைய இயக்கத்தாரும் போராடினார்கள். 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் நம்மோடு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. காமராஜர் அதற்கு இசைந்தார். நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் காய் எடுத்த ஏலத்தோட்டங்கள் எல்லைக்கு அப்பாலேயே நின்றுவிட்டன. மலைமேல் தங்கி வேலை செய்த குடும்பத்துப் பிள்ளையின் பள்ளியும் மானியமும் இன்னோர் அரசின் பொறுப்பாகவே நீடித்தன. எட்டயபுரத்தில் அடுப்பு மூட்டிய அதே ஆண்டில்தான் இதுவும் நடந்தது. நேசமணி 1968இல் மறைந்தபின், அவர் வகித்த நாகர்கோவில் தொகுதியில் 1969இல் நின்று வென்றவர் காமராஜரே என்பது காலத்தின் வேடிக்கை.

1963 அக்டோபர் 2ஆம் நாள், கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்தார். அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராகி, லால் பகதூர் சாஸ்திரியும் பிறகு இந்திரா காந்தியும் பிரதமராவதற்கு வழிவகுத்தார். 1967 தேர்தலில், பிடி அரிசிப் பள்ளி இருந்த அதே விருதுநகரில், ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அந்த மாணவரின் தலைமுறையைப் பள்ளிக்கு அனுப்பியவரும் அவர்தானே! 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த நாளன்று, சென்னையில் உயிர் துறந்தார். மறு ஆண்டு பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது. வீடு, நிலம் என்று தமக்காக எதையும் சேர்த்து வைக்கவில்லை.

மானியக் கதை அவரோடு முடியவில்லை. 2022 செப்டம்பரில் மாநில அரசு காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அது அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டுமே என்றிருந்தது. விடியுமுன் நாலு மணிக்கே போடியிலிருந்து ஜீப்பில் ஏறி, மெட்டைத் தாண்டிப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் காய் எடுக்கப் போகும் தாய்மாருக்குக் காலைச் சமையல் என்பது எட்டாத காரியம். அவர்களுடைய பிள்ளை அரசுப் பள்ளியில் இருந்தால் சாப்பிடும். உதவி பெறும் பள்ளியில் இருந்தால் சாப்பிடாது. இந்த வேறுபாடு இரண்டு ஆண்டுகள் நீடித்தது. 2024 ஜூலை 15ஆம் நாள், காமராஜரின் பிறந்த நாளில், ஊரகப் பகுதி உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அந்தத் திட்டம் விரிவாக்கப்பட்டது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் முதல் தட்டு பரிமாறப்பட்டது. அந்தப் பள்ளியின் பெயர் புனித அன்னாள் தொடக்கப்பள்ளி.